முந்நூற்றி நாலின் ஒன்பதும் போக்கரின் ஒன்பதும்

முந்நூற்றி நாலு என்ற கடதாசி ஆட்டத்தில் கையில் இரண்டு ஒன்பது வந்தால் முகம் தானாக மலர்ந்துவிடும். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2 என்று எண்ணிப் பழகிய கண்ணுக்கு, ஜாக்குக்கு அடுத்த பெரிய கடதாசி ஒன்பதுதான். ஆஸ்கூட அதற்குக் கீழே. வன்னியில் கடதாசி பிடிக்கத் தெரிந்தவர்களில் பெரும்பாலானோர் கல்யாண வீட்டுப் பந்தலிலோ செத்த வீட்டு இரவிலோ இந்தக் கணக்கோடுதான் வளர்ந்திருப்பார்கள்.

அதே ஆள் கைபேசியில் டெக்ஸஸ் ஹோல்டெம் போக்கர் ஆடத் தொடங்கும்போதும், வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஊருக்கு வந்த சொந்தக்காரர் சிப்ஸ் (காசுக்குப் பதிலான வில்லைகள்) பெட்டியைத் திறந்து மேசை போடும்போதும், முதலில் காலை வாருவது இந்த ஒன்பதுதான். போக்கரில் ஒன்பதுக்கு மேலே பத்து, ஜாக், குயின், கிங், ஆஸ் என்று ஐந்து நிலை, மொத்தம் 20 கடதாசி இருக்கிறது. 9-9 நல்ல கைதான், ஆனால் பெரிய கை அல்ல. 7-7 முதல் 10-10 வரையான நடுத்தரச் சோடிகள் எல்லாவற்றுக்கும் இதே நிலைமை. எதிரே இருப்பவர் முன்பின் தெரியாதவராக, தொட்டதற்கெல்லாம் ரெய்ஸ் பண்ணுபவராக (தொகையை ஏற்றுபவராக) இருந்தால் இந்தச் சோடி பெரிய சோதனையாகிவிடும்.

முதலில் எண்கள். ஒரு குறிப்பிட்ட சோடி கைக்கு வருவது 221 தடவையில் ஒரு தடவை. வந்தபின் ஃப்ளொப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக மேசையில் முதல் மூன்று கடதாசி விரியும்போது, 9-9 வைத்திருப்பவருக்கு ஒன்பதைவிடப் பெரியது ஒன்றுகூட வராமல் இருப்பது 100க்கு 21 தடவை மட்டுமே. ஒன்று வருவது 44, இரண்டு வருவது 29, மூன்றுமே பெரியதாக வருவது 6. 8-8 என்றால் பெரியது எதுவும் வராத தடவைகள் 13 ஆகவும், 7-7 என்றால் 8 ஆகவும் சுருங்கிவிடும். மூன்றாவது ஒன்பது ஃப்ளொப்பிலேயே விழுந்து செற் ஆவது 100க்கு ஏறக்குறைய 12 தடவை. ஆகவே அநேகமான நேரங்களில் உங்கள் சோடிக்கு மேலே ஒரு கிங்கோ குயினோ மேசையில் கிடக்க, எதிராளி சிப்ஸைத் தள்ளிக்கொண்டிருப்பார். அதற்குத் தயாராக இருப்பதுதான் இந்தக் கையை ஆடுவதன் முக்கால்வாசி வேலை.

மறுபக்கத்தையும் பாருங்கள். சோடியில்லாத இரண்டு கடதாசியோடு வருபவருக்கு ஃப்ளொப்பில் ஒரு சோடிகூடக் கிடைக்காமல் போவது மூன்றில் இரண்டு தடவை. கிங் விழுந்துவிட்டது என்பதற்காக அவரிடம் கிங் இருக்கிறது என்று ஆகாது. பயப்படுபவர் கிங்கை மட்டும் பார்க்கிறார், எதிராளி வெறுங்கையோடு இருக்கக்கூடிய மூன்றில் இரண்டை மறந்துவிடுகிறார். ஆவேசமாக ஆடுபவர் பிழைப்பதே அந்த மறதியில்தான்.

முந்நூற்றி நாலில் இது நடக்காது. அங்கே கையில் ஒன்றுமில்லாமல் 200 புள்ளி எடுப்பேன் என்று கேட்டவர் எட்டுக் கைக்குள் பிடிபட்டுவிடுவார். 32 கடதாசியும் கடைசியில் மேசைக்கு வந்துவிடும், கூட ஆடும் சோடிக்காரர் வேறு முறைப்பார். போக்கரில் நீங்கள் கடதாசியைக் கீழே வைத்து விலகிவிட்டால் எதிராளி எதை வைத்து மிரட்டினார் என்று என்றைக்கும் தெரியப்போவதில்லை. கேட்பவரிடம் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்ற நம் பழைய நம்பிக்கை இங்கே நேரடியாக நட்டமாக மாறுகிறது.

ஆவேசக்காரர் எல்லோரும் ஒரே சாதி அல்ல. ஃப்ளொப்புக்கு முன்னர் மட்டும் அடிக்கடி ரெய்ஸ் பண்ணிவிட்டு, பிறகு கை பிடிக்கவில்லையென்றால் அடங்கிவிடுபவர் ஒரு வகை. ஃப்ளொப்பில் எப்போதும் ஒரு பெட் (பந்தயத் தொகை) போட்டு, நீங்கள் கோல் பண்ணினால் (அதே தொகையைப் போட்டு ஈடுகொடுத்தால்) டேர்னில், அதாவது நாலாவது பொதுக் கடதாசியில், கையைக் கட்டிக்கொள்பவர் இன்னொரு வகை. ஃப்ளொப், டேர்ன், ஐந்தாவதும் கடைசியுமான கடதாசி வரும் ரிவர் என்று மூன்று தடவையும் சிப்ஸைத் தள்ளுபவர் மூன்றாம் வகை. புதியவர் இதில் யார் என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் முதல் இரண்டு வகையினரும் மூன்றாம் வகையைவிட மிக அதிகம். அதனால் உங்களுக்குச் சேதி சொல்வது அவருடைய இரண்டாவது பெட். முதல் பெட் எதையும் சொல்வதில்லை, எல்லோரும் போடுவார்கள்.

பத்துக் கையில் நாலு தடவை ரெய்ஸ் பண்ணினார் என்பதால் ஒருவர் ஆவேசக்காரர் ஆகிவிடமாட்டார் என்பதையும் சொல்லவேண்டும். அவருக்கு உண்மையிலேயே நல்ல கடதாசி வந்திருக்கலாம். முப்பது நாற்பது கை பார்த்த பிறகுதான் அந்த எண்ணத்தில் பாரம் வைக்கலாம். அதற்கிடையில் அவர் கடைசியில் காட்டிய ஒரே ஒரு கை, அவர் பண்ணிய பத்து ரெய்ஸைவிட அதிகம் சொல்லும்.

இனி மேசைக்கு வருவோம். பிளைண்ட் (கடதாசி பார்க்குமுன் இருவர் கட்டாயமாகப் போடும் தொகை) 50, 100; ஒவ்வொருவரிடமும் 10,000 சிப்ஸ், அதாவது நூறு பெரிய பிளைண்ட். ஆறு பேர். (இங்கே வரும் எண்கள் எல்லாம் வெறும் சிப்ஸ்.) ஆவேசக்காரர் 300க்கு ரெய்ஸ் பண்ணுகிறார். நீங்கள் பட்டனில், கடைசியாகப் பேசும் இடத்தில், 9-9 உடன் இருக்கிறீர்கள்.

இந்த இடத்தில் கோல் போதும். மறு ரெய்ஸ் பண்ணுவது பிழையல்ல, ஆனால் அவருடைய குப்பைக் கைகளைத் துரத்திவிடும். அந்தக் குப்பையிலிருந்துதான் உங்களுக்குச் சிப்ஸ் வரவேண்டும். சின்ன பிளைண்டில் இருந்தால் கதை மாறும். அங்கே கோல் பண்ணினால் பின்னால் இருக்கும் பெரிய பிளைண்டும் மலிவாக உள்ளே வரும், ஃப்ளொப்புக்குப் பின் எப்போதும் நீங்கள்தான் முதலில் பேசவேண்டிவரும். அதனால் அங்கிருந்து 1,200 அளவுக்கு மறு ரெய்ஸ் பண்ணி ஆட்டத்தை இருவருக்குள் சுருக்குவது நல்லது. ஆறு பேர் மேசையில் முதலாவதாகப் பேசும் இடத்திலிருந்து ரெய்ஸ் வந்திருந்தால், ஆவேசக்காரரானாலும் அவர் கை கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். அப்போது எங்கிருந்தாலும் கோலோடு நிற்கவேண்டும்.

நீங்கள் முதலில் 300க்கு ரெய்ஸ் பண்ணித் திறந்து அவர் 1,000க்கு மறு ரெய்ஸ் பண்ணினால்? இன்னும் 700 போடவேண்டும். அதற்குப் பின்னால் 9,000 இருக்கிறது, 13 மடங்கு. செற் விழுந்தால் மட்டும் ஆடுவது என்று நினைப்பவர்கள் குறைந்தது 15 மடங்காவது இருக்கவேண்டும் என்பார்கள். அந்தக் கணக்கு, எதிராளியிடம் ஆஸ் சோடியோ கிங் சோடியோ இருந்து முழுச் சிப்ஸையும் தந்துவிடுவார் என்று எண்ணிப் போட்டது. பரவலான கைகளோடு வருபவர் நீங்கள் செற் அடிக்கும்போது அநேகமாக வெறுங்கையோடு நிற்பார், முழுவதும் தரமாட்டார். ஆனால் அதே காரணத்தால் உங்கள் 9-9 செற் ஆகாமலேயே பல தடவை முன்னால் நிற்கும். ஆகவே கடைசியாகப் பேசும் இடத்திலிருந்தால் 9-9, 10-10 கோல்; 4-4, 5-5 கீழே. இரண்டையும் ஒரே மாதிரி ஆடுவது பலர் விடும் பிழை.

சரி, கோல் பண்ணிவிட்டீர்கள். பிளைண்ட் இரண்டும் விலக, பொட்டில் (நடுவில் சேர்ந்த தொகையில்) 750. ஃப்ளொப்: கிங், 7, 2, மூன்றும் வெவ்வேறு இனம். அவர் 375 பெட் போடுகிறார்.

375 போட்டு மொத்தம் 1,500க்கு ஆடுகிறீர்கள். நாலில் ஒரு தடவை வென்றாலே முதல் திரும்பிவிடும். இப்போது அவர் கைகளை எண்ணிப்பாருங்கள். நூற்றுக்கு முப்பது கைகளோடு ரெய்ஸ் பண்ணுபவர் என்று வைத்தால், மேசையிலும் உங்களிடமும் உள்ள கடதாசிகளைக் கழித்தபின் அவரிடம் இருக்கக்கூடிய இரண்டு கடதாசிச் சேர்க்கைகள் ஏறக்குறைய 350. அதில் உங்களை வெல்பவை: ஆஸ் சோடி 6; பத்து, ஜாக், குயின் சோடிகள் 18; கிங், 7, 2 செற்கள் 9; கிங்கோடு ஆஸ், குயின், ஜாக், பத்து ஆகியவை தலைக்கு 12 வீதம் 48; இனம் ஒத்த சின்னக் கிங்குகள் இன்னும் கொஞ்சம். எல்லாம் கூட்டினால் நூறை ஒட்டி வரும். மிச்சம் 250 கையும் உங்களுக்குப் பின்னால்தான். கிங் விழுந்த பிறகும்! இந்த 250க்கு எதிராகக் கடதாசியைக் கீழே வைப்பவர் அவருக்கு இலவசமாகப் பொட்டைக் கொடுக்கிறார்.

அதற்காக ரெய்ஸ் பண்ணலாமா? இங்கேதான் பலருக்குக் கை பரபரக்கும். “எங்கே நிற்கிறேன் என்று பார்க்க ஒரு ரெய்ஸ்” என்பார்கள். நீங்கள் 1,200க்கு ரெய்ஸ் பண்ணினால் அந்த 250 கையும் பெரும்பாலும் போய்விடும், வெல்லும் நூறு மட்டும் நிற்கும். பின்னால் நின்றவர்களை விரட்டி, முன்னால் நின்றவர்களோடு பெரிய பொட் ஆடுவதுதான் மிச்சம். அறிந்துகொள்வதற்கு 1,200 கொடுப்பதைவிட 375 கொடுத்து டேர்னில் அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பது மலிவு. வெறுங்கை குயின்-ஜாக் வைத்திருப்பவருக்கு இரண்டு கடதாசியும் பார்க்கவிட்டால் நாலில் ஒரு தடவை உங்களைத் தாண்டும். அந்த ஆபத்து உண்மை. ஆனால் அவர் பெட் போட்டுக்கொண்டே அதைத் தேடும்வரை மிச்சம் மூன்று தடவைக்கும் உங்களுக்குக் கூலி தருகிறார்.

டேர்ன்: ஒரு 4. பொட் 1,500. அவர் 1,000 போடுகிறார்.

இரண்டாவது பெட் வந்துவிட்டது. கோலுக்கு 100க்கு 29 தடவை வெல்லவேண்டும். பத்து, ஜாக், குயின் சோடிகளோடு அவர் இந்த இடத்தில் அநேகமாக செக் பண்ணுவார் (பெட் போடாமல் விடுவார்). ஆகவே உண்மையான பலத்தோடு வருபவை 80 சேர்க்கை. அதற்கு எதிரே, 250 வெறுங்கையில் 35 அளவு தொடர்ந்து சுட்டாலே (பெட் போட்டாலே) இந்தக் கோலின் கணக்கு சமன். ரிவரில் இன்னொரு பெட் வரும் என்பதால் எச்சரிக்கையாக 50, 60 என்று வையுங்கள். ஐந்தில் ஒரு வெறுங்கையோடு இரண்டாம் பெட் போடாதவர் ஆவேசக்காரர் என்ற பெயருக்கே உரியவர் அல்ல. ஆகவே கோல்.

ஃப்ளொப்பில் கோல், டேர்னில் எப்போதும் கீழே என்று ஆடுபவர்கள் வன்னி மேசைகளில் மட்டுமல்ல, எங்கும் நிறைய. 1,500க்கு 1,000 போடுபவரின் புளுகு 100க்கு 40 தடவை பலித்தாலே அவருக்கு நட்டமில்லை; நீங்கள் அதற்கு மேல் கீழே வைத்தால் அவர் எந்தக் கடதாசியோடும் இலாபத்தில் இருப்பார். கெட்டிக்காரர் இதை ஒரு மணித்தியாலத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார்.

டேர்ன் கடதாசி எது என்பது முக்கியம். 4, 2, 7 போன்றவை அவருக்கு எதையும் புதிதாகக் கொடுப்பதில்லை. ஆஸ் விழுந்தால் நிலை வேறு: பரவலாக ஆடுபவரிடம் ஆஸ் கைகள் மற்ற எதையும்விட அதிகம். இனம் ஒத்த எந்த ஆஸையும் அவர் விடுவதில்லை. ஃப்ளொப்பிலேயே கிங்குக்குப் பதில் ஆஸ் விழுந்திருந்தாலும் இதே கதைதான். மேசையில் ஒரு ஆஸ் போனபின்னும் ஒவ்வொரு துணைக் கடதாசியோடும் அவருக்கு 12 சேர்க்கை மிச்சம். கிங் விழுந்த ஃப்ளொப்பில் இரண்டு பெட்டுக்குக் கோல் பண்ணும் 9-9, ஆஸ் விழுந்த ஃப்ளொப்பில் ஒன்றோடு நிற்கலாம். ஆஸ்-குயின்-ஜாக், கிங்-குயின்-பத்து என்று மூன்றும் மேலே விழுந்தால் முதல் பெட்டுக்கே கீழே வையுங்கள். அங்கே அவர் புளுகினாலும் அந்தப் புளுகுக்குக்கூட உங்களைத் தாண்ட எட்டு ஒன்பது கடதாசி மிச்சமிருக்கும்.

ரிவர்தான் கடினம். பொட் 3,500, அவர் 2,500 போடுகிறார். மீண்டும் 100க்கு 29 வெற்றி தேவை. இப்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்று: எதை நம்பி வந்து எது பிடிக்காமல் போனவராக அவர் இருக்கமுடியும்?

கிங்-7-2 போன்ற வறண்ட மேசையில் பிடிக்காமல் போவதற்கு ஒன்றுமே இல்லை. மூன்றாவது பெட்டைப் புளுகாகப் போட அங்கே முழு வெறுங்கையோடு துணியவேண்டும். முன்பின் தெரியாதவர் அவ்வளவு துணிவார் என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். முன்னர் ஒரு தடவையாவது அப்படிக் காட்டியிருந்தால் தவிர, கீழே வைப்பது சரி. இதற்கு மாறாக ஃப்ளொப் 10-6-5, அதில் இரண்டு ஆட்டின் (இதய இனம்). டேர்ன் 2, ரிவர் மீண்டும் 2, ஆட்டின் வரவில்லை என்று வையுங்கள். ஃப்ளஷுக்கு (ஒரே இனத்தில் ஐந்து) காத்திருந்த கைகள், 8-7 போன்ற ஸ்ட்ரெயிற் (வரிசையாக ஐந்து) கைகள் எல்லாம் வெறுமையாகிவிட்டன. அவற்றோடு அவர் வெல்ல ஒரே வழி பெட்தான். இங்கே கோல். மேசை பயங்கரமாகத் தெரியும்போது கோல், அமைதியாகத் தெரியும்போது கீழே: கேட்க நேர்மாறாகத் தெரிந்தாலும் கணக்கு அதைத்தான் சொல்கிறது.

இன்னும் நுணுக்கமாக, உங்கள் இரண்டு ஒன்பதில் ஒன்று ஆட்டின் ஒன்பதா என்று பாருங்கள். மேசையில் இரண்டு ஆட்டின் இருக்க, மிச்சம் 11 இல் அவரிடம் இரண்டு சேரக்கூடிய வழிகள் 55. அந்த ஒன்பது உங்கள் கையில் இருந்தால் 45 தான். பிடிக்காமல் போன ஃப்ளஷ் கைகளில் பத்தை நீங்களே மறைத்து வைத்திருக்கிறீர்கள், அவருடைய புளுகு அந்த அளவுக்குக் குறைகிறது. கணக்கு இழுபறியாக இருக்கும்போது ஆட்டின் ஒன்பது இல்லாத கையோடு கோல், இருக்கும் கையோடு கீழே.

இவ்வளவையும் ரிவரில் உட்கார்ந்து யோசிக்கக்கூடாது. இரணைமடுவில் சிறுபோகத்துக்குக் கூட்டம் கூடும்போது குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற ஏக்கரைத்தான் பிரிக்கிறார்கள். 36 அடி நிறைந்த ஆண்டும் பாதி நின்ற ஆண்டும் ஒன்றல்ல, விதைத்தபின் கதிர் வரும் நேரத்தில் தண்ணீரை எண்ணத் தொடங்கினால் பயிர் கருகும். 9-9 பாதிக் குளம். முதல் கோல் பண்ணும்போதே 300, 375, 1,000, 2,500 என்று வரக்கூடிய தொகையைக் கூட்டிப் பாருங்கள்: 4,175. எந்த மேசையில் அதுவரை போவீர்கள், எதில் 675 ஓடு நிறுத்துவீர்கள் என்று அப்போதே தீர்மானம் இருக்கவேண்டும்.

ஒன்பதுக்கு மேல் எதுவும் விழாத 21 தடவையில் உங்கள் கை நன்றாகவே முன்னால் நிற்கிறது. 8-6-5, இரண்டு ஆட்டின் என்று ஈரமான மேசையானால் உடனே ரெய்ஸ் பண்ணுங்கள். அவரிடம் கோல் பண்ணக்கூடிய கைகள் ஏராளம், அடுத்து வரும் கடதாசிகளில் பாதி உங்களுக்குக் கெட்டது. 7-2-2 என்றால் அவசரமில்லை, கோல் பண்ணி அவரையே சுடவிடுங்கள். செற் விழுந்தாலும் இதே பிரிப்புதான்: கிங்-9-4 வறண்ட மேசையில் அமைதியாகக் கோல், பத்து-9-8 போன்றதில் தாமதமில்லாமல் ரெய்ஸ். ஆவேசக்காரருக்கு எதிராக வறண்ட மேசையில் செற்றை ரெய்ஸ் பண்ணி அவரை எழுப்பிவிடுவது, கூட்டில் விழப்போன முயலைக் கைதட்டித் துரத்துவது போன்றது.

மூன்றாவது ஆளும் கோல் பண்ணி உள்ளே இருந்தால் மேலே சொன்ன தாராளத்தையெல்லாம் குறைக்கவேண்டும். இரண்டு பேருக்கு எதிராகப் புளுகுபவர் குறைவு, அவர் புளுகினாலும் நடுவில் நிற்பவரிடம் கிங் இருக்கலாம்.

கைபேசிப் போட்டிகளில் சிப்ஸ் வேகமாகக் கரையும், பிளைண்ட் ஏறிக்கொண்டே போகும். உங்களிடம் 20, 25 பெரிய பிளைண்ட்தான் மிச்சம் என்றால் ஃப்ளொப்பும் டேர்னும் ஆட இடமில்லை. ஆவேசக்காரர் திறந்தால் 9-9 உடன் முழுவதையும் தள்ளுங்கள். அவரிடம் ஆஸ்-கிங் இருந்தால் 100க்கு 55 தடவை நீங்கள் வெல்வீர்கள், ஆஸ்-7 போன்றதானால் 70, சின்னச் சோடியானால் 80. பெரிய சோடியானால் 20 தான். பரவலாகத் திறப்பவரிடம் அந்தக் கடைசி வகை அரிது, பாதிக்கு மேல் கீழே வைத்தும்விடுவார். 55க்கு 45 என்பது நூறில் 45 தடவை தோற்கும் ஆட்டம் என்பதையும் மனதில் வையுங்கள். சரியாக ஆடியே ஒரே இரவில் மூன்று தடவை தொடர்ந்து தோற்பது சாதாரணம். லீசிங் கட்டவேண்டிய காசோடு இதற்குள் யாரும் இறங்கக்கூடாது.

கை முடிந்ததும், தோற்றாலும் வென்றாலும், மூன்று விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த இடத்திலிருந்து திறந்தார், எத்தனை பெட் போட்டார், கடைசியில் என்ன காட்டினார். “பட்டனுக்கு முன் இடம், மூன்று பெட், வறண்ட மேசை, காட்டியது குயின்-ஜாக்” என்று ஒரு வரி போதும். அடுத்த தடவை கிங்-7-2 இல் 2,500 வரும்போது அவர் உங்களுக்குத் தெரியாதவர் அல்ல.